தகராறு: பள்ளிபாளையம் பேச்சில் ஓர் அரபுச் சொல், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அதன் அண்ணன்!

பள்ளிபாளையத்தில் தகராறு செய்ய மனிதர்தான் வேண்டும் என்பதில்லை. விசைத்தறி மோட்டார் சூடாகி நின்றுவிட்டால், "மோட்டாரு தகராறு பண்ணுதுங்க" என்பார்கள். காலையில் பத்து உதை உதைத்தும் கிளம்பாத வண்டிக்கும் தகராறு. கல்யாண வீட்டில் அளவு பார்க்காமல் சாப்பிட்டவருக்கு மறுநாள் வயிறு தகராறு. பக்கத்து வீட்டு ஓட்டுத் தண்ணீர் நம் வாசலில் விழுந்தால் அது நிஜத் தகராறு. தினமும் வாயில் புழங்கும் இந்தச் சொல் தமிழ்ச் சொல் அல்ல என்றால் பலரும் நம்ப மாட்டார்கள். கடைசியில் 'ஆறு' வேறு இருக்கிறது. காவிரிக்கரை ஊரில் அதைக் கேட்டுச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

ஆனால், இந்த 'ஆறு'க்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லின் பிறந்த ஊர் அரபு நாடு.

மறுபடியும்... மறுபடியும்!

அரபியில் 'தக்ரார்' என்றால் சண்டை அல்ல. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுதல், செய்தல் என்பதுதான் அதன் பொருள். பாரசீகம், உருது என்று பயணப்பட்டபோதுதான் அதில் வாக்குவாதம், சச்சரவு என்ற பொருள் ஏறிக்கொண்டது. உருது வழியாகத் தமிழுக்கு வந்து 'தகராறு' ஆனது.

யோசித்துப் பார்த்தால், இதைவிடப் பொருத்தமாகச் சண்டைக்குப் பெயர் வைக்க முடியாது. எந்தத் தெருச் சண்டையையும் ஓரமாக நின்று ஐந்து நிமிடம் கேளுங்கள். முதல் நிமிடத்தில் சொன்னதைத் தவிரப் புதிதாக ஒரு வார்த்தை வராது. "நீ ஏன் அன்னைக்கு அப்படிச் சொன்னே?", "நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்னே!" தறியில் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வருவது மாதிரி, ஒரே பேச்சு இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கும். சத்தம் மட்டும்தான் கூடும்.

இதே வேரில் பிறந்த இன்னொரு சொல் 'முகர்ரர்'. உருதுக் கவியரங்குகளில் நல்ல வரி ஒன்றைக் கவிஞர் சொன்னால், கூட்டத்திலிருந்து "முகர்ரர்!" என்று குரல் எழும். 'இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று அர்த்தம். ஒரே வேர், லக்னோவில் பாராட்டாகவும் பள்ளிபாளையத்தில் பஞ்சாயத்தாகவும் முளைத்திருக்கிறது.

அக்கம்பக்கத்து மொழிகளில் இந்தச் சொல் எடுத்திருக்கும் வேஷங்களும் சுவாரஸ்யமானவை. மராத்தியில் 'தக்ரார்' என்றால் புகார். கன்னடத்தில் 'தகராரு' என்றால் ஆட்சேபணை, தாவா. மலையாளத்தில் சண்டை என்ற பொருள் ஏறக்குறையத் தேய்ந்துபோய், பழுது என்ற பொருளே நிற்கிறது. ரயில் தாமதமானால் மலையாளச் செய்தியில் 'சாங்கேதிகத் தகராறு' என்று வரும். தொழில்நுட்பக் கோளாறு என்று பொருள். பள்ளிபாளையத்துக்காரருக்கு இதில் ஆச்சர்யம் ஒன்றும் இருக்காது. அவர் ஊரில்தான் மோட்டாருக்கும் மாமியாருக்கும் ஒரே சொல் ஆயிற்றே!

ஆறு, எல்லையாக இருந்த 7 ஆண்டுகள்

அரபுச் சொல் இந்தக் கரைக்கு எப்படி வந்தது? கச்சேரி வழியாக. பாட்டுக் கச்சேரி இல்லை. அந்தக் காலத்தில் அரசு அலுவலகத்துக்கு அதுதான் பெயர். வரி, நிலம், வழக்கு என்று காகிதத்தில் ஏறும் விஷயங்களுக்கெல்லாம் பாரசீகமும் உருதும் கலந்த சொற்களே நிர்வாகத்தில் ஓடின. மைசூரின் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இந்தப் பகுதி இருந்தபோதும் அப்படித்தான். பிறகு வந்த கிழக்கிந்தியக் கம்பெனியும் அந்தச் சொற்களை மாற்றவில்லை, அப்படியே வைத்துக்கொண்டது.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகாலையும் சேலம் பகுதியையும் திப்பு கம்பெனியிடம் கொடுத்தார். கோயம்புத்தூர்ச் சீமை அவரிடமே இருந்தது. அதாவது, இன்று பாலம் ஏறினால் சில நிமிடங்களில் போய்விடும் ஈரோடு, அன்றைக்கு வேறு அரசின் ஊர். 1799-ல் திப்பு வீழும்வரை 7 ஆண்டுகள் காவிரிதான் எல்லை. இக்கரையில் கம்பெனியின் கலெக்டர் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்தவர், பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான தாமஸ் மன்றோ. வயல் வயலாக அளந்து, விவசாயியோடு நேராகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவெடுத்தது. வயலை அளந்தால் என்ன வரும்? வரப்புத் தகராறு வரும்!

கூக்குரலில் தொடங்கி திருப்தியில் முடியும்

தகராறு மட்டும் தனியாக வரவில்லை. தன் சொந்தபந்தங்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்தது. இன்றைக்கும் கோர்ட் வாசலில் கேட்கும் சொற்களை வரிசையாக நிறுத்தினால், ஒரு சண்டையின் முழு ஆயுளும் அதில் தெரியும்.

முதலில் 'பிராது'. இது பாரசீக 'ஃபரியாத்'. காப்பாற்றச் சொல்லி எழுப்பும் கூக்குரல். அடுத்து 'தாவா', அரபியில் உரிமை கோருதல். அதன்பின் எல்லோருக்கும் பழகிய 'வாய்தா'. இதன் மூலச் சொல்லுக்கு வாக்குக் கொடுத்தல் என்று பொருள். குறித்த தேதியில் வருகிறேன் என்று தரும் வாக்கு. வாய்தா மேல் வாய்தா வாங்கி அலைந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்களா, அடிக்க வருவார்களா என்பது வேறு விஷயம்.

தீர்ப்பு சொல்லும் 'முன்சீப்' பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரபியில் 'நிஸ்ஃப்' என்றால் பாதி. அதே வேரில் வந்த 'இன்ஸாஃப்' நியாயம். அதைச் செய்பவர் முன்சீப். இரு பக்கத்துக்கும் சரிபாதியாகப் பார்ப்பவர் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. முடிவு வந்தால் 'பைசல்'. இதுவும் அரபிதான், தீர்த்துவைத்தல்.

எல்லாவற்றிலும் அழகான சொல் 'ராஜி'. அரபியில் அதன் பொருள் மனநிறைவு கொண்டவர், சம்மதித்தவர். சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும், மனசு ஆறாதவரை சொல்லின் கணக்குப்படி ராஜி ஆகவில்லை! அந்தச் சம்மதத்தை எழுதிக் கொடுக்கும் காகிதம் ராஜிநாமா. 'நாமா' என்றால் கடிதம். வேலையை விடுவதற்கு நாம் கொடுக்கும் ராஜினாமா, இந்தச் சம்மதக் காகிதத்திலிருந்து பிரிந்த பிள்ளைதான்.

ப்ராப்ளம் இல்லை, பிராபிள்!

ஆங்கிலத்திலும் இப்படி ஒரு சொல் இருந்தது. 'பிராபிள்'. ப்ராப்ளம் என்று வாசித்துவிடக் கூடாது. 16-ம் நூற்றாண்டில் புழக்கத்தில் இருந்த இந்தச் சொல்லுக்கு, ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சத்தம் போட்டுச் சண்டையிடுதல் என்று பொருள். டச்சு மொழியில் 'பிராபெலன்' என்றால் புரியாமல் உளறுதல். அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. சும்மா கோர்ட்டுக்கு இழுக்கும் அற்ப வழக்கையும் ஒரு காலத்தில் பிராபிள் என்றே சொல்லியிருக்கிறார்கள். அரபு தக்ரார் 'திரும்பச் சொல்லுதலில்' தொடங்கியது. ஆங்கில பிராபிள் 'உளறலில்' தொடங்கியது. இரண்டும் வந்து சேர்ந்த இடம் தெருச் சண்டை.

ஷேக்ஸ்பியருக்கு இந்தச் சொல் பிடித்திருக்கிறது. 'ட்வெல்த் நைட்' நாடகத்தில், தெருச் சண்டையில் ஒருவனைப் பிடித்ததாக அதிகாரி சொல்லும் இடத்தில் வருகிறது. 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' நாடகத்தில் ராணியின் இரு மகன்கள் ஒரு பெண்ணுக்காகக் கத்தியை உருவும்போது, அவர்களை அடக்க வருபவன் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறான். 'த மெர்ரி வைவ்ஸ் ஆஃப் விண்ட்ஸர்' நாடகத்தில் வரும் வேல்ஸ் பாதிரியார் இன்னும் ஒரு படி மேல். அவர் உச்சரிப்பில் அது 'பிரிபிள், பிராபிள்' என்று ஜோடியாக வருகிறது. நம் ஊரில் "சண்டை கிண்டை போடாதீங்க" என்கிறோமே, அதே வேலைதான்!

இன்றைய ஆங்கிலத்தில் பிராபிளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதன் இடத்தை வேறு சொற்கள் எடுத்துக்கொண்டன. அதில் ஒன்று, அயர்லாந்தின் டப்ளின் அருகே இருந்த ஊரின் பெயர்: டானிபுரூக். 1204-ல் அரச அனுமதி பெற்றுத் தொடங்கிய அந்த ஊர்ச் சந்தை, குடிக்கும் கைகலப்புக்கும் பேர்போனது. தாங்க முடியாமல் 1855-ல் சந்தையையே மூடினார்கள். சந்தை போனது; அமளியான அடிதடிக்கு 'டானிபுரூக்' என்ற பெயர் மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது. நல்லவேளை, பள்ளிபாளையத்தின் பெயர் ஒரு சிக்கன் வறுவலோடு நின்றது. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் என்று காரமாக இருந்தாலும், ஊர்ப் பெயருக்கு அது கௌரவம்தான்.

ஒரு கெட்ட வார்த்தையின் விலை

இன்னொரு ஆங்கிலச் சொல்லை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால், அது நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது: 'அஃப்ரே'. பழைய பிரெஞ்சில் திடுக்கிட வைத்தல், பயமுறுத்துதல் என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. பயந்துபோனவர் என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் படித்த 'அஃப்ரெய்ட்' இதன் உடன்பிறப்பு. பொது இடத்தில் இரண்டு பேரோ, அதற்கு மேற்பட்டவர்களோ சண்டையிட்டு அமைதியைக் கெடுத்தால் அது அஃப்ரே. அடித்துக்கொள்ளும் இரண்டு பேரின் வலியைவிட, பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் பயம்தான் இந்தக் குற்றத்தின் மையம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு ஒரு மாதம் வரை சிறை, அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 194-வது பிரிவு. அபராத உச்சம் 1,000 ரூபாய்.

அற்பச் சண்டைக்குச் சட்டம் கொஞ்சம் கருணையும் காட்டுகிறது. சாதாரண மனிதர் யாரும் புகார் செய்ய மாட்டார் என்கிற அளவுக்கு மிகச் சிறிய தீங்கு குற்றமே ஆகாது என்கிறது அதே சட்டத்தின் 33-வது பிரிவு. வரிசையில் தெரியாமல் முழங்கை இடித்ததற்கெல்லாம் வழக்குப் போட முடியாது.

ஆனால், வாசல் தண்ணீர்ச் சண்டை எங்கே திசை மாறுகிறது என்று பாருங்கள். தள்ளுமுள்ளில் லேசான காயம் என்றால் அது 115(2). மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக விசாரணையில் இறங்க முடியாத வகை. அதே சண்டையில் பொது இடத்தில் மற்றவர்கள் முகம் சுளிக்கும்படி ஆபாசமாகத் திட்டியதாகப் புகாரில் ஒரு வரி சேர்ந்தால், 296-வது பிரிவு உள்ளே வரும். அது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போடக்கூடிய வகை. இரண்டில் ஒன்று அப்படி இருந்தால் போதும், முழு வழக்கும் அந்த வகையில் சேர்ந்துவிடும். கோபத்தில் "உன்னைத் தொலைச்சுடுவேன்" என்றது மிரட்டலாக எழுதப்பட்டால் 351. இந்த மூன்றுக்கும் பழைய எண்கள் 323, 294(பி), 506. தமிழ்நாட்டுத் தெருச் சண்டை வழக்குகளில் இவை மூன்றும் சேர்ந்தே வருவது அத்தனை சகஜம்.

திட்டியவருக்கு வயது 22 என்று வைத்துக்கொள்வோம். தறி ஓட்டும் அப்பா அம்மா, போலீஸ் வேலைக்குப் படிக்கும் பையன். தேர்வில் தேறி, உடல்தகுதியிலும் தேறி, கடைசியில் முன்நடத்தைச் சரிபார்ப்புக்கு வரும்போது அந்த எஃப்.ஐ.ஆர் எண் முன்னால் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதே கேள்வி. சண்டைக்குக் காரணமான ஓட்டுத் தண்ணீர் அதற்குள் எத்தனையோ மழைக்குக் காய்ந்திருக்கும். 'வாய்த்தகராறு', 'கைகலப்பு', 'அடிதடி' என்று பேச்சில் நாம் போகிறபோக்கில் மாற்றி மாற்றிச் சொல்லும் சொற்கள், ஸ்டேஷனில் எழுதப்படும் காகிதத்தில் ஒன்றுக்கொன்று மைல் கணக்கில் தள்ளி இருக்கின்றன.

வம்பு, நாயம், குழாயடி

அரபுச் சொல் வருவதற்கு முன் தமிழர்கள் சண்டை போடாமலா இருந்தார்கள்? சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'பூசல்' பழைய இலக்கியத்தில் போர், பெரும் ஆரவாரம். இன்றைக்கு அது கட்சி ஆபீஸுக்குள் சுருங்கி, 'உட்கட்சிப் பூசல்' ஆகிவிட்டது. 'வம்பு' என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் சொல்லும் பொருள் நிலையில்லாமை. பருவம் தவறிப் பெய்யும் மழை சங்க இலக்கியத்தில் 'வம்ப மாரி'. குறுந்தொகையின் 66-ம் பாடலில், அந்த மழையை நிஜக் கார்காலம் என்று நம்பிக் கொன்றை மரம் பூத்துவிடுகிறது. கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லையே என்று கலங்கும் தலைவியிடம், ஏமாந்தது மரம்தான் என்கிறாள் தோழி. வந்து போகும் மழைக்கு இருந்த சொல், இன்று வேலை இல்லாமல் வந்து இழுக்கும் சண்டைக்கு ஆகியிருக்கிறது.

கொங்குப் பேச்சில் இதற்கு நேர் எதிரான ஒரு பயணம் உண்டு. நியாயம் என்ற கனமான சொல், இங்கே 'நாயம்' ஆகி, வெறும் பேச்சு என்று பொருள் தருகிறது. திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால், "அங்க என்னங்க நாயம்?" என்று கேட்பார்கள். என்ன பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்; தீர்ப்பு யாரும் சொல்லவில்லை. 'பஞ்சாயத்து' இன்னும் வேடிக்கை. ஐந்து பேர் உட்கார்ந்து சண்டையைத் தீர்க்கும் இடத்துக்கு இருந்த பெயர். இன்றைய இளசுகளுக்கு, "அவங்க வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஓடுது" என்றால் சண்டை நடக்கிறது என்று பொருள். மருந்தின் பெயரையே நோய்க்கு வைத்துவிட்டார்கள்!

'குழாயடிச் சண்டை' என்ற சொல்லை மட்டும் சிரித்துக்கொண்டே கடந்துபோக முடியாது. சட்டமன்றத்தில் அமளி என்றாலும், டி.வி விவாதத்தில் கூச்சல் என்றாலும், "குழாயடிச் சண்டை மாதிரி" என்று கேலி செய்கிறார்கள். கேலி செய்பவர்களில் எத்தனை பேர் கோடைக்காலத்தில் பிளாஸ்டிக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள்? தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாத குழாயில், ஐந்தாவது குடத்துக்கும் ஆறாவது குடத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்றைய சமையல். அற்பம் என்று சொல்பவர் வீட்டில் மோட்டார் இருக்கிறது, அவ்வளவுதான்.

லத்தீன் மொழிக்காரர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். 'ரிவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணீர் பாய்ச்சும் பக்கத்துக்காரர் 'ரிவாலிஸ்'. ஆங்கிலத்தில் போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்' அந்தச் சொல்தான். மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களை நம்பிச் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கர் நிலம் இருக்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை, 137 நாள்களுக்குத் தண்ணீர் விடுவார்கள். கடைமடை வயல்காரரிடம் போய் 'ரைவல்' என்ற சொல்லின் மூலத்தை விளக்க வேண்டியதே இல்லை. மடை திறக்கும் முறை யாருடையது என்ற பேச்சில் அவருக்கு அது எப்போதோ புரிந்திருக்கும்.

இப்படிப்பட்ட சண்டை கோர்ட் வாசலுக்குப் போய்விட்டாலும் திரும்பி வர வழி இருக்கிறது. சிறு காயம் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்டவரே ராஜியாகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடக்கும் மக்கள் நீதிமன்றத்தில், வரப்பு, வழித்தடம், பாகப்பிரிவினை வழக்குகளையும் பேசி முடிக்கலாம். கோர்ட்டில் இருந்த வழக்கு அங்கே முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அங்கே எழுதப்படும் முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், கையெழுத்துப் போடும் முன் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்க வேண்டும். நாமக்கல்லில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கான தேசிய எண் 15100. தகுதியுள்ளவர்களுக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பதும் அவர்கள் வேலைதான். 'வக்கீல்' எந்த மொழி என்று கேட்டால், அதுவும் அரபிதான்: நம்மால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டு, நமக்காகப் பேசுபவர்.